புகையைத் துரத்துவதா, கல்லைத் தேடுவதா?

போன மாதம் கிண்டியில் ஒரு கல்லூரி வகுப்பில் கடலடிக் கனிமத் தேடல் பற்றிப் பேசப் போயிருந்தேன். முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "சார், நாமதான் மூணு பேரையே 6,000 மீட்டருக்கு அனுப்பப் போறோமே. அப்புறம் எதுக்கு ஆளில்லாத கருவிய விட்டுத் தடவணும்? நேரா போய்ப் பாத்துட்டு வந்துடலாமே?" மூன்று பேரோடு ஆழ்கடலுக்கு இறங்கவிருக்கும் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியைத்தான் அவர் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஏதோ பதில் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில், வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது, அந்தப் பதில் போதாது என்று உறைத்தது. அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. அடுத்த பத்தாண்டில் நம் கப்பல் நாள்களை எதில் செலவழிப்பது என்பதுதான் அதன் உள்ளடக்கம். முழுப் பதில் இது.

முதலில், முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியை நிர்வகிக்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா 2016 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் ஓடும் மலைத்தொடர்களான மத்திய இந்திய முகட்டிலும் தென்மேற்கு இந்திய முகட்டிலும் 10,000 சதுர கிலோமீட்டரில் பல்லுலோக சல்பைடு (தாமிரம் போன்ற உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்த கனிமம்) தேடும் உரிமை அதில் கிடைத்தது. 2025 செப்டம்பரில் இரண்டாவது ஒப்பந்தம், கார்ல்ஸ்பர்க் முகட்டில் இன்னொரு 10,000 சதுர கிலோமீட்டர். சல்பைடுக்கு இரண்டு ஒப்பந்தங்கள் வைத்திருக்கும் முதல் நாடு நாம்தான். ஆனால் இந்த நிலம் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. ஒப்பந்தம் 15 ஆண்டுக்கு. எட்டாம் ஆண்டு முடிவதற்குள் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பத்தாம் ஆண்டு முடிவதற்குள் முக்கால் பங்கை. தவணை தள்ளிக் கேட்க விதியில் இடம் இருந்தாலும், அடிப்படைக் கணக்கு இதுதான். கார்ல்ஸ்பர்க்கில் 2035-க்குள் 7,500 சதுர கிலோமீட்டரை விட்டுக் கொடுத்துவிட்டு 2,500-ஐ மட்டும் வைத்துக்கொள்வோம். எதை வைத்துக்கொள்வது? அதைச் சொல்லக்கூடிய தகவலைத் தருகிற முறைதான் நல்ல முறை. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி கப்பல் நாள் கணக்கு. கைவசம் 40 நாள் பயணம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெரிய கப்பல் பாக் நீரிணை வழியாகப் போக முடியாது. இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் கார்ல்ஸ்பர்க் முகட்டின் தென்பகுதியைத் தொட ஐந்தாறு நாள் ஆகும். திரும்பி வரவும் அவ்வளவுதான். காற்று, அலை என்று நாலு நாள் போகும் என்று ஒதுக்கினால், மிச்சம் 24 நாள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக் கடலில் கருவி இறக்குவது முட்டாள்தனம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஆக வருடத்துக்கு ஒரு தடவை, 24 நாள்.

அந்த 24 நாளில் தேடுவது எவ்வளவு பெரிய பொருளை? கடலடி வெந்நீர் ஊற்றைச் சுற்றிப் படிந்து உருவாகும் சல்பைடு மேடு 200 மீட்டர் அகலம் இருந்தாலே அது பெரியது. அட்லாண்டிக்கில் டாக் என்ற மேடு ஏறத்தாழ அந்த அளவு. 1994-ல் அதில் துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே சுமார் 27 லட்சம் டன் சல்பைடு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நூறு சதுர கிலோமீட்டர் கட்டம் ஒவ்வொன்றிலும், மூவாயிரம் மீட்டர் நீருக்கு அடியில், ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் தேடுவதற்குச் சமம். பல கட்டங்களில் அந்த மைதானமே இருக்காது.

கப்பலின் அடியில் பொருத்திய மல்ட்டிபீம் சோனார்தான் (ஒலிக் கற்றைகளை விசிறி போல அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) எல்லோரும் முதலில் தொடுவது. அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 3,000 மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் ஒன்பது கிலோமீட்டர் அகலத்தைத் துழாவும். பத்தாயிரம் சதுர கிலோமீட்டரையும் நாலைந்து நாளில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு டிகிரிக் கற்றை அந்த ஆழத்தில் விழும் இடமே 50 மீட்டர் அகலம். மேடு இருந்தாலும் அது எரிமலைக் கல்லா, சல்பைடா என்று சொல்லாது. எங்கே பிளவு, எங்கே புது எரிமலைக் குழம்பு, எங்கே முகட்டின் பக்கத்தில் நீண்ட நழுவுப் பிளவு என்று நிலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையில்தான்.

முதலாவது, புகையைத் துரத்துவது. 350 டிகிரிக்கு மேற்பட்ட நீர் வெந்நீர் ஊற்றின் துளையிலிருந்து பீறிட்டு, இரண்டு டிகிரி குளிரில் இருக்கும் கடல்நீரோடு கலந்து, கரைந்திருந்த உலோகங்கள் நுண்துகளாகி, கரும்புகை போல மேலே ஏறும். இருநூறு, முந்நூறு மீட்டர் ஏறியதும் சுற்றியுள்ள நீரின் அடர்த்தியோடு சமமாகி, மேலே போகாமல் பக்கவாட்டில் படரும். அந்தப் படலம் பல கிலோமீட்டர் போகும். எனவே துளையை நேராகத் தேடாமல் படலத்தைத் தேடலாம். நீரின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவிக் கூண்டோடு கலங்கல் உணரியையும் கட்டி, கப்பலை ஒன்றரை நாட் வேகத்தில் நகர்த்திக்கொண்டே கூண்டை மேலும் கீழும் இழுப்பார்கள். ரம்பப்பல் போன்ற பாதை கிடைக்கும்.

என் வேலை பெரும்பாலும் கரையோர சர்வே. ஆனால் ஒரே ஒரு முறை தரவுப் பணியாளனாக ஆழ்கடல் பயணத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை மூன்று மணி ஷிப்ட். கம்பி 3,100 மீட்டர் வெளியே. வின்ச்காரர் அண்ணன் தூத்துக்குடிக்காரர். வாக்கி-டாக்கியில் "அண்ணே, அம்பது ஏத்துங்க" என்றால் "ஏத்தியாச்சு தம்பி" என்று குரல் வரும். அவ்வளவுதான் பேச்சு. திரையில் பச்சைக் கோடு இரண்டு மணி நேரம் நேராகவே போனது. பிறகு ஓரிடத்தில் மெல்ல வலப்பக்கம் வீங்கி, மறுபடி நேரானது. வெப்பக் கோட்டில் ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு மாற்றம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கணக்கில் மட்டும் தெரியும். அடுத்த முறை கூண்டு இறங்கும்போது அதே ஆழத்தில் மறுபடி வீங்கியது. ஆய்வறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் பேசவில்லை. அந்த நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த முறைக்கு எதிராகச் சொல்லப் போவதை யோசித்துச் சொல்கிறேன்.

படலம் பொய் சொல்லாது, ஆனால் பாதிதான் சொல்லும். நீரோட்டம் எப்படி இழுக்கிறதோ அப்படிப் போகும். ஊற்று எங்கே என்று காட்ட அதற்கு அவசியம் இல்லை. கார்ல்ஸ்பர்க்கிலேயே 2003-ல் ஒரு படலத்தைக் கண்டார்கள். எழுபது கிலோமீட்டர் நீளம். பூமிக்குள் ஏதோ ஒரு திடீர் நிகழ்வு ஒரேயடியாகக் கக்கிய நீர் அது என்று விளக்கினார்கள். அப்படிப்பட்ட படலம் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதன் அடியில் எந்தக் கட்டத்தை வைத்துக்கொள்வது? நீரின் ஆக்சிஜனேற்ற நிலையை அளக்கும் உணரியைச் சேர்த்தால் கொஞ்சம் உதவும். ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் புது நீருக்கு மட்டுமே அது துள்ளும், வயதான படலத்துக்குத் துள்ளாது. முகட்டின் நடுப்பள்ளத்தாக்கு ஆழமாக இருப்பதால் படலம் அந்தச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கும் என்பதும் நமக்குச் சாதகம்.

ஆனால் அடிப்படைக் குறை வேறு. உயிருள்ள ஊற்றுக்கு மட்டும்தான் புகை உண்டு. கனிமம் தேடுகிறவனுக்கு வேண்டியது பல ஆயிரம் ஆண்டு குவிந்து, பிறகு அடங்கிப்போன மேடு. அடங்கிய மேட்டுக்கு வெப்பமும் இல்லை, கலங்கலும் இல்லை. புகைக்கூண்டு அதன் தலைக்கு மேலேயே போனாலும் கோடு நேராகத்தான் இருக்கும்.

உயிருள்ள ஊற்றைத் தோண்டவும் கூடாது. இதை நான் சுற்றுச்சூழல் பேச்சுக்காகச் சொல்லவில்லை. காலில் இரும்பு சல்பைடுச் செதில் போர்த்திய ஒரு நத்தை இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளில் மட்டும் வாழ்கிறது. 2001-ல் கைரெய் ஊற்றுக் களத்தில் கண்டெடுத்தார்கள், கார்ல்ஸ்பர்க்கிலும் இருக்கிறது. ஆழ்கடல் சுரங்க அபாயத்தைக் காரணமாகக் காட்டி 2019-ல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான ஐயூசிஎன் செம்பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் அதுதான். ஒரு களம் போனால் அங்கே வாழ்வது மொத்தமும் போகும். உயிருள்ள ஊற்றை அடையாளம் காண்பது காப்பாற்றுவதற்காக. தோண்டுவதற்கு வேறு இடம் தேட வேண்டும். இரண்டு பட்டியலும் வேண்டும் என்பதால்தான் புகைக்கூண்டை முழுக்க ஒதுக்கிவிடவும் முடியாது.

இரண்டாவது, கல்லையே தேடுவது. இதற்கு வாகனம் ஏயூவி என்ற தானியங்கி நீர்மூழ்கி. கயிறு கிடையாது, ஆள் கிடையாது; போட்ட பாதையில் தானே பறந்து, தானே ஏறி வரும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, சாகர் நிதி கப்பலில் போய், 2024 டிசம்பரில் 4,500 மீட்டர் ஆழத்தில் செயல்படும் ஊற்று ஒன்றைப் படம் எடுத்தது ஓஎம்இ 6000 என்ற ஏயூவியைக் கொண்டுதான். நம்மூர்ச் சாலையோரக் கட்டிடத்து ஆட்கள் எடுத்த படம் அது. நான் அதை அச்சிட்டு என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

தரையிலிருந்து எண்பது மீட்டர் உயரத்தில் பறந்தால் ஏயூவியின் சோனார் ஒரு மீட்டர் நுணுக்கத்தில் நிலத்தை வரையும். இடிந்து விழுந்த புகைப்போக்கித் துண்டுகள்கூட வரைபடத்தில் கொப்புளமாகத் தெரியும். காந்தமானியைச் சேர்த்தால் இன்னொரு தகவல். சூடான நீர் பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் காந்தக் கனிமங்களை அரித்துவிடுவதால், பழைய ஊற்றுக் களத்தின் மேல் காந்தப்புலம் வலுவிழந்து ஓர் ஓட்டை போலத் தெரியும். ஊற்று அடங்கி எத்தனை ஆயிரம் ஆண்டு ஆனாலும் அந்த ஓட்டை இருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்திலிருந்து வந்த பாறையில் அமைந்த களமென்றால் அங்கே காந்தம் கூடவும் செய்யலாம். எனவே காந்தத்தை மட்டும் நம்பி ஒரு கட்டத்தைக் கைவிடக் கூடாது.

நான் அதிகம் நம்புவது தன்மின்னழுத்த அளவீட்டை. சல்பைடு மின்சாரத்தைக் கடத்தும். மேல்முனை ஆக்சிஜன் நிறைந்த கடல்நீரில், கீழ்முனை ஆக்சிஜன் இல்லாத மண்ணுக்குள். ஆக மேடு முழுவதும் ஒரு பேட்டரி. அதன் மேலே மின்முனைகளை இழுத்துக்கொண்டு போனால் சில மில்லிவோல்ட் கீழே இறங்கும். புகை வேண்டாம், வெப்பம் வேண்டாம். வண்டல் மெல்லப் போர்த்தியிருந்தாலும் பரவாயில்லை. கல் சல்பைடா இல்லையா என்ற கேள்விக்குத் தொடாமலே கிடைக்கும் பதில் இது. விலை என்னவென்றால், தாழப் பறக்க வேண்டும். சில பத்து மீட்டர் உயரத்தில், பிளவும் செங்குத்துச் சுவருமான நிலத்தில்.

வேகமும் குறைவு. மூன்று நாட் வேகம், 200 மீட்டர் வரி இடைவெளி, ஒரு முங்கலுக்கு 15 மணி நேரம் என்று போட்டால், ஒரு முங்கலுக்குப் பதினைந்து, பதினாறு சதுர கிலோமீட்டர். பன்னிரண்டு முங்கலுக்கு இருநூறைத் தொடாது. பத்தாயிரத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. தொலைந்துபோகும் அபாயமும் உண்டு. தென்மேற்கு இந்திய முகட்டில் முதல் செயல்படும் ஊற்றை 2007-ல் உறுதிசெய்ய உதவிய ஏபிஈ என்ற அமெரிக்க ஏயூவி, 2010-ல் சிலி அருகே 222-வது முங்கலில் போனது போனதுதான். ரேடியோ நீருக்குள் போகாது, ஜிபிஎஸ் கிடையாது. ஒலி மட்டும்தான். அதுவும் மூவாயிரம் மீட்டர் இறங்க இரண்டு வினாடி.

அப்படியானால் கயிற்றில் கட்டி இழுக்கும் சோனார் பாதுகாப்பாயிற்றே என்று கேட்கலாம். ஆழ்கடலில் மீன்வலை கிடையாதுதான். ஆனால் எண்ணூருக்கு வடக்கே நண்டு வலையில் எங்கள் இழுவைச் சோனார் மாட்டி, கம்பி அறுந்து, இரண்டு நாள் கொக்கி போட்டுத் தேடிக் கிடைக்காமல் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. கம்பி நுனியில் இருக்கும் கருவி கப்பலின் சொல் கேட்காது என்பதை அன்று கற்றேன். அங்கே ஆழம் இருபது மீட்டர். மூவாயிரம் மீட்டரில், நாலைந்து கிலோமீட்டர் கம்பிக்குப் பின்னால் வரும் கருவியை ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் திருப்பவே பல மணி நேரம் போகும். கப்பலையும் கட்டிப்போடும். ஏயூவி அடியில் பறந்துகொண்டிருக்கும்போது கப்பல் அதன் ஒலி எல்லைக்குள் நின்றபடியே கூண்டை இறக்கி நீர் மாதிரி எடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு வேலை. 24 நாளை 24-ஆகவே வைத்திருக்க வேண்டியதில்லை என்பது, என் மட்டில், ஏயூவிக்கு ஆதரவான பெரிய வாதம்.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மத்ஸ்யா 6000 டைட்டானியக் கோளம், மூன்று பேர், வழக்கமான இயக்கத்துக்கு 12 மணி நேரம், அவசரத்துக்கு 96 மணி நேரம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அது மிதந்ததைப் பார்த்துப் பெருமைப்படாத சர்வேக்காரன் சென்னையில் இருக்க மாட்டான். ஆனால் முழு ஆழத்துக்குப் போனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி இறங்கவும் ஏறவுமே சரியாகப் போகும். அடியில் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரம் சில மீட்டர். ராத்திரியில் டார்ச்சை வைத்துக்கொண்டு மாம்பலத்தில் தொலைந்த சாவியைத் தேட முடியாது. சாவி எந்தத் தெருவில் விழுந்தது என்று தெரிந்த பிறகுதான் டார்ச்.

ஆழ்கடலில் முதல் வெந்நீர் ஊற்றைக் கண்ட கதையே இதைத்தான் காட்டுகிறது. 1977-ல் கலாபகோஸ் அருகே, ஆங்கஸ் என்ற ஆளில்லாக் கேமரா வண்டியை 2,500 மீட்டர் ஆழத்தில் இழுத்தார்கள். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக வெப்பம் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது, மூவாயிரம் படங்களில் பதின்மூன்றே படங்களில் வெள்ளைச் சிப்பிகள் கூட்டமாக இருந்தன, அந்தத் துள்ளல் நேரத்துப் படங்களில் மட்டும். அந்த இடத்துக்குத்தான் ஆல்வின் என்ற நீர்மூழ்கி ஆட்களோடு இறங்கியது. கார்ல்ஸ்பர்க்கில் வோகன் என்ற ஊற்றுக் களத்தைச் சீனர்கள் 2013-ல் கண்டுபிடித்தார்கள்; அவர்களுடைய மனித நீர்மூழ்கி அங்கே இறங்கியது 2017-ல். மனிதர் தேடப் போவதில்லை. தேடிக் கிடைத்ததை, எந்தக் கல் எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துப் புரிந்துகொள்ளப் போகிறார். அந்த வேலையில் மனிதக் கண்ணுக்கு ஈடில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் மத்ஸ்யாவின் ஒவ்வொரு முங்கலையும் வெறும் சேற்றின் மேல் வீணாக்கக் கூடாது என்கிறேன்.

கயிற்றில் இறங்கும் ஆர்ஓவி (கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா வாகனம்) இரண்டுக்கும் நடுவில். நம்முடைய ரோசப் 6000, 2010-ல் 5,289 மீட்டரைத் தொட்டது. கல்லை உடைத்து எடுக்க அது நல்லது. ஆள் சோர்வு இல்லை, நாள் முழுக்க அடியிலேயே இருக்கலாம். பெட்டியில் ஒரே ஒரு துண்டு வந்தாலும் போதும். சல்பைடுத் துண்டைக் கையில் வாங்கினால் அளவுக்கு மீறிய கனம், அழுகிய முட்டை நாற்றம், உடைத்த முகத்தில் பித்தளை நிறத்தில் மின்னும் தாமிரக் கனிமம். இரண்டு நாள் காற்றுப்பட்டால் வெளிப்புறம் துருவேறி மஞ்சளாகும்.

ஆக, என்னிடம் அந்த 24 நாளைக் கொடுத்தால், நாலு நாள் கப்பல் மல்ட்டிபீமுக்கு. பகலிரவாக ஓடி நூறு கட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நழுவுப் பிளவும் புது எரிமலை முகடும் சேர்கிற பத்துப் பன்னிரண்டு கட்டங்களை மட்டும் எடுப்பேன். முகட்டின் அச்சு நெடுக மூன்று நாள் புகைக்கூண்டு. உயிருள்ள களங்களைக் குறித்துக் காப்புப் பட்டியலில் வைக்க. அடுத்த பன்னிரண்டு நாள் ஏயூவி. காந்தமானியும் தன்மின்னழுத்த மின்முனையும் ஒவ்வொரு முங்கலிலும் ஓடியே ஆக வேண்டும். கேமரா படம் அழகாக வருகிறது என்பதற்காக அவற்றைக் கழற்ற விடமாட்டேன். கடைசி ஐந்து நாள் ஆர்ஓவி. மத்ஸ்யாவுக்கு இந்தப் பயணத்தில் இடமில்லை. ஆர்ஓவி எடுத்த துண்டுகளின் ஆய்வக முடிவு வந்த பிறகு, அடுத்த ஜனவரியில்.

இந்தப் பங்கீட்டை நான் மாற்றிக்கொள்வது ஒரே ஒரு நிலையில். மின்முனைகளின் இரைச்சல் ஏயூவியின் மோட்டார் இரைச்சலோடு கலந்து, அந்தச் சில மில்லிவோல்ட்டைப் பிரித்தெடுக்க முடியாமல் போகலாம். அப்படியானால் ஏயூவி நாள்களில் நாலைக் குறைத்து ஆர்ஓவிக்குக் கொடுப்பேன். சந்தேகமான மேடுகளைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அந்த இரைச்சல் சோதனையைக் கிளம்பும் முன்பே, சென்னைக்கு எதிரே, ஒரு நாள் தூரத்துக்குள் இருக்கும் ஆழத்தில் முடித்துவிட வேண்டும். இலங்கையைத் தாண்டிய பிறகு திரும்பி வர நாள் கிடையாது.